பிக்கப் வண்டி டீசல்: தண்ணீரை வடியுங்கள், அடிட்டிவ் பாட்டில் அப்புறம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் லோடு அடிக்கும் பிக்கப்களின் இன்ஜெக்டரையும் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஊசி) பம்பையும் அதிகம் காலி பண்ணுவது டேங்க்கில் சேரும் தண்ணீர். அடுத்தது செம்மண் புழுதி. அடிட்டிவ், அதாவது டீசலில் கலக்கும் மருந்து, போடாததால் கெட்டது என்று சொல்லக்கூடிய வண்டி அபூர்வம். ஆனால் கடையில் கலர் பாட்டிலுக்குக் காசு கொடுப்பவர் டீசல் பில்டரை மட்டும் "இன்னொரு மாசம் ஓடட்டும்" என்று தள்ளிப்போடுவார். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிச் செலவு மிச்சம்.

பங்க்கில் பார்க்க வேண்டியது

2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 டீசல்தான் விற்கிறார்கள். கந்தகம் அதிகபட்சம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் குறைந்தது 51. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் குறையும் என்பதால், அதை ஈடுகட்டும் மருந்தைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே கலந்துவிடுகிறார்கள். நல்ல பங்க் டீசலில் நீங்கள் புதிதாகச் சேர்க்க வேண்டியது ஏதுமில்லை.

சந்தேகம் வந்தால் அடர்த்தியைக் கேளுங்கள். ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் பங்க்கில் இருக்க வேண்டும். அடர்த்திக் கணக்கு 15 டிகிரிக்கு எழுதப்படுவது. ஒரு டிகிரி சூடு ஏறினால் கன மீட்டருக்குச் சுமார் 0.7 கிலோ குறையும். பங்க்கின் அடர்த்திப் பதிவேட்டில் 830 என்று இருந்தால், 35 டிகிரி வெயிலில் ஹைட்ரோமீட்டரில் 816 வாக்கில் காட்டுவதுதான் சரி. அதைப் பார்த்துக் கலப்படம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கணக்குப் போட்ட பிறகும் பதிவேட்டிலிருந்து 3 புள்ளிக்கு மேல் தள்ளினால் கேள்வி கேட்கலாம். அளவில் சந்தேகமென்றால் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

டேங்கர் லாரி நின்று இறக்கிக்கொண்டிருக்கும்போது டீசல் போடாதீர்கள். நிலத்தொட்டியின் அடிக்கசடு கலங்கி மேலே வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டி மூடி வழியாகத் தண்ணீர் இறங்க வாய்ப்புண்டு. முந்தின நாள் முற்றத்தில் தண்ணீர் தேங்கிய பங்க்கை அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீர் வடிப்பது எப்படி

பகல் சூட்டில் அரை டேங்க்கில் இருக்கும் காற்று, ராத்திரி குளிரும்போது உள்ளே வேர்க்கும். அந்தத் துளிகள் அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் கிருமி வளர்ந்து கறுப்புக் கொழகொழப்பாகப் பில்டரை அடைக்கும். கல்யாண சீசன் முடிந்து வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிகளில் இதுதான் நடக்கிறது. நிறுத்துவதென்றால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள்.

பில்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, முடிந்தால் ராத்திரி நின்ற வண்டியில் காலையில் கிளப்புவதற்கு முன், கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடியுங்கள். திருகை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, கை பம்பை அழுத்தி 100 முதல் 200 மி.லி. வரை பிடித்து, பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனிக் கோடாக நிற்கும். மேலே உள்ள டீசல் தெளிந்த மஞ்சளாக இருந்தால் சரி. மோர் போல் கலங்கலாக இருந்தால் தண்ணீர் பிரியாமல் பொடித் துளிகளாகக் கலந்திருக்கிறது. அடியில் கறுப்புத் துகள் தங்கினால் டேங்க்கையே இறக்கிக் கழுவ வேண்டிய நேரம். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை வடித்து, திருகைக் கையால் இறுக்கி, பம்ப் கல்லாகும்வரை அழுத்திவிட்டுக் கிளப்புங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, மற்ற நாளில் மாதம் ஒரு முறை போதும். டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றைக்கே.

இதில் கறாராக இருக்கக் காரணம் இருக்கிறது. காமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் தரும் முறை) வண்டியின் பம்பும் இன்ஜெக்டரும் சில மைக்ரான் இடைவெளியில் ஓடுபவை. அவற்றுக்கு எண்ணெய் விடுவதே டீசல்தான். தண்ணீர் போனால் துரு ஒரு பக்கம், சூடான முனையில் ஆவியாகி அதைத் தின்பது இன்னொரு பக்கம்.

பில்டர் மாற்றும்போது

பழைய வழக்கப்படி புதுப் பில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிறார்கள். பழைய இன்லைன் பம்ப் வண்டிக்கு அது ஓடிவிடும். காமன் ரெயிலில் கூடாது: நடுத் துளை வழியாக ஊற்றுவது சுத்தமான பக்கத்துக்குப் போகும், வடிகட்டாத தூசி நேரே இன்ஜெக்டரில் இறங்கும். காலியாகவே மாட்டி, கை பம்பால் நிரப்புங்கள். ரப்பர் வளையத்தில் டீசல் தடவி, வளையம் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வளையம் பிதுங்கிக் காற்று இழுக்கும்.

காலையில் கிளம்பி உடனே அணைந்துபோனால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். டேங்க்கிலிருந்து பில்டர் வரும் குழாயில் சிறிது தூரம் கண்ணாடி ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். எந்தக் காரணத்துக்கும் ஓடும் காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்த வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம்; சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி தெரியாவிட்டாலும் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

காற்று பில்டர், மண் ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற வேண்டும். ஊதுவதென்றால் உள்ளிருந்து வெளியே, 30 பி.எஸ்.ஐ.க்குள். வெளியிலிருந்து அடித்தால் புழுதி காகிதத்துக்குள் பதிந்துவிடும். உள் பில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். காற்று பில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கை வாரம் ஒரு தரம் பிதுக்கினால் கைநிறைய செம்மண் கொட்டும். கறும்புகையும் இழுவைக் குறைவும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

அடிட்டிவ் எப்போது

டீசல் உறையாமல் தடுக்கும் மருந்து குளிர் தேசத்துக்கானது, செட்டிநாட்டில் வீண். சீட்டேன் எண்ணைக் கூட்டும் மருந்தால், நல்ல டீசல் போடும் வண்டியில் வித்தியாசம் தெரியாது. இன்ஜெக்டர் சுத்தப்படுத்தும் மருந்து, நிறைய கிலோமீட்டர் ஓடி ஐடிலில் தடதடக்கும் வண்டிக்கு ஓரளவு உதவும். முனை தேய்ந்துபோனதைச் சரிசெய்யாது. கிருமிக்கொல்லி, கறுப்புக் கொழகொழப்பு கண்ட பிறகு மட்டும். போட்ட பிறகு செத்த கசடு வந்து அடைக்கும், இன்னொரு பில்டர் கையில் இருக்கட்டும்.

அளவு லேபிளில் உள்ளபடி. 1:1000 என்றால் 40 லிட்டருக்கு 40 மி.லி. முதலில் மருந்தை ஊற்றி, மேலே டீசல் பிடித்தால் தானே கலக்கும். "ரெண்டு மூடி சேர்த்து விடு" என்பதால் பலன் கூடாது.

டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்), பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் டேங்க்கில் வேண்டாம். ஆயில் சாம்பல் டி.பி.எஃப்.பை (சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைக்கும், மண்ணெண்ணெய் வழவழப்பைக் கெடுத்துப் பம்பைத் தேய்க்கும். தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். பல வண்டிகளில் சாவி போட்டதும் டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். தள்ளிக்கொண்டு போய் வடிக்கச் சொல்லுங்கள்.

பி.எஸ்.6 வண்டிக்கு

ஆத்தங்குடி கல் ஏற்றி ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் டி.பி.எஃப். சூடேறிப் புகைக்கரியை எரிக்க நேரம் கிடைப்பதில்லை. விளக்கு வந்தால் திருமயம் போகும் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால், எரிக்கப் போட்ட டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள். கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயில் மட்டும்.

புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா திரவத்துக்கென்று நீல மூடியுடன் தனித் தொட்டி உள்ள வண்டிக்கு 32.5 சதவீத யூரியா திரவம், ஐ.எஸ்.ஓ. 22241 முத்திரையோடு. உர யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் உப்பு படிந்து திரவத்தைப் பீய்ச்சும் ஊசி அடைபடும். 25 டிகிரியில் பதினெட்டு மாதம் தாங்கும் திரவம் 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். தகரக் கொட்டகையில் சித்திரை, வைகாசி தாண்ட வைப்பதாக இருந்தால் சிறிய கேனாக, தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள்.