சாவுப் பாட்டுல ஓசை எங்க உடையுதுன்னு பாருங்க

சாவப் பத்தின பாட்டு கையில கிடைச்சா உடனே பொருள் தேடாதீங்க, ரெண்டு மூணு தடவ வாய்விட்டு படிங்க, அப்புறம் பென்சில எடுங்க. பட்டினத்தார் அம்மாவுக்கு கொள்ளி வைக்கும்போது பாடினதா சொல்ற இந்த நாலு வரிலயே பழகலாம்.

முன்னை யிட்டதீ முப்பு ரத்திலே
பின்னை யிட்டதீ தென்னி லங்கையில்
அன்னை யிட்டதீ அடிவ யிற்றிலே
யானும் இட்டதீ மூள்க மூள்கவே

எதுகைக்கு (அடிகளோட ரெண்டாவது எழுத்து ஒத்து வர்றது) ஒவ்வொரு அடிலயும் ரெண்டாவது எழுத்த வட்டம் போடுங்க. முன்னை, பின்னை, அன்னை மூணும் கச்சிதம், நாலாவதுல 'யானும்'னு வந்து நெடில்ல ஆரம்பிச்சு அந்த 'ன்னை' போயிடுது. எதுகை தப்பிடுச்சுன்னு எழுதிட்டு போயிடாதீங்க, சிவன் முப்புரத்துல வெச்ச தீ, அனுமன் இலங்கையில வெச்ச தீ, அம்மா வயித்துல வெச்ச தீன்னு ஒரே மூச்சா ஓடி வந்த ஓசை 'நான்'னு சொல்ற இடத்துலதான் தடுக்குது. மோனை, அதாவது மொத எழுத்து ஒத்து வர்றது, 1, 3 அடில இருக்கு (முன்னை–முப்பு, அன்னை–அடிவ), அது போதும்.

சீருக்கு, அதாவது அடில இருக்கிற ஒவ்வொரு துண்டுக்கும், அசை பிரிங்க. தேமா கூவிளம் தேமா கூவிளம்னு (சீரோட ஓசை அளவுக்கு வெச்ச பேரு) நாலு அடியும் தாளம் தப்பாம போகுது, ஒரே ஒரு இடம் தவிர. 'அடிவ', அது புளிமா, ஒரு குறில் கூட வருது. பாட்டு அவர் உடம்புக்குள்ள நுழையற இடமும் அதேதான். வேணும்னே செஞ்சாரான்னு கேக்காதீங்க, எனக்கு காதுல விழுது, அவ்ளோதான். (இதோட சேர்ந்து வர்ற 'ஐயிரண்டு திங்களாய்' வெண்பா, அத தனியா பிரிச்சு பாருங்க, இந்த வேகம் இருக்காது.)

கடைசியா திரும்பத் திரும்ப வர்றது. 'இட்டதீ' 4 தடவ. சொற்பொருள் பின்வருநிலையணின்னு (ஒரே சொல்லு ஒரே பொருள்ல திரும்ப வர்றது) பேர் எழுதினா ரெண்டு மார்க் கிடைக்கும், ஆனா கூடவே எது மாறுதுன்னும் பாக்கணும். மொத மூணு அடியும் தீ எங்க பிடிச்சதுன்னு இடம் சொல்லுது, முப்புரம், இலங்கை, அடிவயிறு. நாலாவதுல இடமே இல்ல, அந்த எடத்துல 'மூள்க மூள்க'ன்னு அதே சொல்லு ரெண்டு தடவ வந்து உக்காந்திருக்கு. எதிர்ல சிதையில கிடக்கிறது அம்மா, அத அவர் வாயால சொல்லவே இல்ல.