எஸ்டிபி நலமா? ஒரு லிட்டர் ஜாடியை வைத்து நீங்களே பார்க்கலாம்

அபார்ட்மெண்டில் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, ஆபரேட்டரும் வந்து போகிறார், ஆனாலும் நாற்றம் போகவில்லை. அசோசியேஷன் கூட்டங்களில் அடிக்கடி வரும் புகார் இது. உடனே புது மோட்டார், புது ஃபில்டர் என்று விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவோம். அதற்கு முன் தொட்டிக்குள் இருக்கும் பாக்டீரியாக்களைப் பாருங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்வது அவைதான்.

கழிவுநீரில் கலந்துள்ள மலம், சோப்பு, சமையலறை மிச்சம் எல்லாம் அவற்றுக்கு உணவு. ப்ளோயர் அனுப்பும் காற்று, அடியில் உள்ள டிஃப்யூசர் வழியாகக் குமிழ்குமிழாக வருகிறது. அந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகி, பழுப்பு நிறத் திரள்களாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த தொட்டியில் காற்று கிடையாது. திரள்கள் அடியில் படியும், தெளிந்த நீர் மேலே வழியும். படிந்த சேற்றைத் திரும்பக் காற்றுத் தொட்டிக்கே அனுப்ப வேண்டும். இந்த முறையின் உயிரே அதில்தான். 1914-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரின் டேவிஹ்யூம் கழிவுநீர் நிலையத்தில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் காட்டியது இதைத்தான். முதலில் கழிவுநீருக்கு வாரக்கணக்கில் காற்றடிக்க வேண்டியிருந்தது. படிந்த சேற்றை வைத்துக்கொண்டே புதுக் கழிவுநீரை ஊற்றிவர, அது மணிக்கணக்காகக் குறைந்தது.

படி 1: பாருங்கள், முகருங்கள்

காற்றுத் தொட்டியில் காபி பழுப்பு நிறமும் ஈரமண் வாசனையும் இருந்தால் நல்லது. கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. வெள்ளை நுரை பொங்கினால் சேறு இன்னும் இளசு, அல்லது சோப்பு அதிகம். பிசுபிசுப்பான கரும்பழுப்பு நுரை என்றால் சேறு முதிர்ந்துவிட்டது.

எட்டிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். எந்தத் தொட்டிக்குள்ளும் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

படி 2: ஜாடியை நிரப்புங்கள்

ப்ளோயர் ஓடும்போது, கையுறை போட்டுக்கொண்டு, நீண்ட கம்பியில் கட்டிய குவளையால் காற்றுத் தொட்டி நீரை எடுங்கள். 1000 மில்லி அளவு ஜாடியில் ஊற்றி, அசையாத இடத்தில் நிழலில் வையுங்கள்.

படி 3: அரை மணி நேரம்

முதல் ஐந்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். நல்ல சேறு என்றால் திரள்கள் ஒன்றுசேர்ந்து ஒரே போர்வையாக இறங்கும். மேலே தெளிந்த நீருக்கும் கீழே சேற்றுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை தெரியும். 30 நிமிடம் ஆனதும் சேறு எந்த அளவில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 200 முதல் 400 மில்லிக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

சரி, 800-இலேயே நிற்கிறதா? சேறு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கலாம், அல்லது நூல் போன்ற பாக்டீரியா பெருகிச் சேறு உப்பியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. பாதி தொட்டி நீர், பாதி தெளிந்த சுத்திகரித்த நீர் கலந்து மறுபடியும் அரை மணி வையுங்கள். இப்போது நன்றாக இறங்கினால் சேறு அதிகம் என்று பொருள். அப்போதும் இறங்காவிட்டால் நூல் பாக்டீரியாதான்.

படி 4: சரிசெய்தல்

சேறு அதிகமென்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றச் சொல்லுங்கள். ஒரே நாளில் பாதியை எடுத்துவிட்டால், மறுநாள் வரும் அழுக்கைத் தின்ன ஆளிருக்காது.

நூல் பாக்டீரியா என்றால் முதலில் காற்றையும் எண்ணெயையும் கவனியுங்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். கரண்ட் பில்லுக்காக இரவு முழுக்க ப்ளோயரை நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு, அதை உடனே கைவிடுங்கள். மிச்சப்படும் காசு நாற்றமாகத் திரும்பி வரும். சமையலறைக் குழாய் வழியில் எண்ணெய்ப் பிரிப்பான் இருந்தால் அதைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம், பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் மொத்தமாகச் சாக்கடையில் கொட்டுவது பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும் என்று எல்லா வீடுகளுக்கும் சொல்லி வையுங்கள்.

ஒரு நோட்டில் தினமும், 30 நிமிடத்தில் சேறு நிற்கும் அந்த ஒரே எண்ணை எழுதி வாருங்கள். 300 என்பது ஒரே வாரத்தில் 450 ஆகிவிட்டால், நாற்றம் வருவதற்கு முன்பே ஆபரேட்டரிடம் பேசலாம்.

பாக்டீரியாவால் முடியாதது

உப்பு அவற்றுக்கு உணவல்ல. திருப்பூர்ச் சாயக் கழிவில் பெரும் சிக்கலே அதுதான். நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டியும் உப்பு அப்படியே இருக்கும். அதனால்தான் ஆர்ஓ, அதற்கு மேல் ஆவியாக்கும் கருவி என்று செலவு ஏறுகிறது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வீட்டிலும் இதே கதைதான். சுத்திகரித்த நீரை ஊற்றிய செடிகளில் இலை நுனி கருகினால், எஸ்டிபியைக் குறைசொல்லும் முன், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். அளவு எகிறினால், கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னரைக் கழுவிய உப்புநீர் எந்தக் குழாயில் போகிறது என்று விசாரியுங்கள்.