டயட் சார்ட்டைச் சரிபார்க்கும்போது நாம் கோட்டைவிடும் இடங்கள்

பி.பி. (ரத்த அழுத்தம்) உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ஒரு டயட் சார்ட் கைக்கு வந்தது. அழகான அச்சு, நல்ல தாள். "உப்பு நாளொன்றுக்கு 2 கிராம்" என்றிருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது சோடியம் 2 கிராமுக்குள். உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சோடியத்தை உப்பு என்று எழுதியவரைவிட, வடிவமைப்பைப் பார்த்து மயங்கித் தலையாட்டிய என்னைப் போன்றவர்கள்மீதுதான் தப்பு அதிகம்.

தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் உருவான பெமாட் என்ற மதிப்பீட்டு முறை இரண்டு விஷயங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடும்: படிப்பவருக்குப் புரிகிறதா, படித்தபின் என்ன செய்வதென்று தெரிகிறதா. தகவல் சரியா என்பதை அது பார்க்காது. அது நம் பொறுப்பு. "நார்ச்சத்தைக் கூட்டவும்" என்பது புரியும். ஆனால் எதை வாங்கி எப்படிச் சமைப்பது?

ஸ்மாக், ஃப்ளெஷ் போன்ற வாசிப்பு எளிமைச் சூத்திரங்களைத் தமிழில் போட்டுப் பார்ப்பது வீண். அவை ஆங்கில அசைகளை எண்ணுபவை. "சாப்பிடாதவர்களுக்கும்" நீளமான சொல், யாருக்கும் புரியும். "செறிவு" குட்டிச் சொல், பலர் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அளவில்தான் அதிகம் சறுக்குகிறோம். "அரிசி 30 கிராம்" என்றால் அது வேகவைக்காத அரிசியின் எடை. வெந்தபின் இரண்டரை, மூன்று மடங்காகும். இதைச் சொல்லாவிட்டால் சோற்றை 30 கிராம் நிறுத்துப் பார்த்து, பூனைக்கு வைக்கிற அளவு என்று சார்ட்டையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். கிராமோடு கரண்டிக் கணக்கும் இருக்கட்டும்.

ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு நீட்டுவது ஆபத்து. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பொட்டாசியம் ஏறியிருக்கும் சிறுநீரக நோயாளிக்கு அதுவும் ஆகாது, இளநீரும் ஆகாது.

நம் வீட்டுச் சமையலில் இல்லாத ப்ராக்கோலி, சால்மன் படங்கள் இருந்தால் தயங்காமல் கழித்துவிடுங்கள். வெளியான ஆண்டையும் பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் புதிய வழிகாட்டுதல் 2024இல் வந்தது.

கடைசியாக, சமைப்பவரிடம் கொடுத்துக் கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுங்க" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு ராத்திரி அவருக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "சோத்தை நிறுத்திட்டேங்க, குழையக் கஞ்சி வெச்சுத் தரேன்" என்றார் அந்தம்மா. அவர் கணவருக்குச் சர்க்கரை நோய், குழைந்த கஞ்சி அதைச் சட்டென்று ஏற்றிவிடும். நான் கொடுத்த சார்ட்டில் கஞ்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.