எமிலி டிக்கின்சனைப் படிக்கிறோமா, அவர் சாத்திய கதவைப் படிக்கிறோமா?

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் என்றதும் பலர் முதலில் சொல்வது கவிதையைப் பற்றி இருக்காது. வெள்ளை உடை, மாடி அறை, வெளியே வரமாட்டார், கல்யாணம் ஆகவில்லை, காதல் தோல்வியாக இருக்கும், பாவம். அப்புறம்தான் கவிதை வரும், அதுவும் இந்தக் கதைக்குச் சாட்சி சொல்ல.

அவரே 1862-இல் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், தன் கவிதையில் பேசுவது தானல்ல, கற்பித்துக்கொண்ட ஒரு ஆள் என்று சொல்லிவிட்டார். பாம்பு பற்றிய கவிதையில் பேசுபவர், தான் சிறுவனாக வெறுங்காலோடு திரிந்த நாளை நினைத்துப் பார்க்கிறார். இன்னும் சில கவிதைகளில் பேசுவது செத்துப்போனவர். இதையெல்லாம் டைரிக் குறிப்பாகப் படித்தால் எங்கே போய் முட்டுவோம்? சரி, ஒதுங்கி வாழ்ந்தவர்தான். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று கிடைக்கின்றன, பக்கத்து வீட்டில் இருந்த அண்ணி சூசனுக்கு மட்டும் 250-க்கும் அதிகமான கவிதைகளை அனுப்பியிருக்கிறார்.

பலருக்குத் தெரியாமலே நடக்கும் தவறு ஒன்று உண்டு, என்னைக் கேட்டால் இதுதான் பெரியது: எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் படிப்பது. உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்துச் சொச்சம் கவிதைகள்தான், பெயர்கூடப் போடாமல். அவர் 1886-இல் இறந்த பிறகு, 1890-இல் மேபல் லூமிஸ் டாடும் அதே ஹிக்கின்சனும் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள், அதில் அவர் சொற்களுக்கு நடுவே நிறுத்தற்குறியாகப் போட்ட சிறு கோடுகளை (dash) எடுத்துவிட்டு, இயைபைச் சரிசெய்து, அவர் வைக்காத தலைப்புகளையும் வைத்தார்கள். மரணம் வண்டியோடு வந்து மரியாதையாக ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் புகழ்பெற்ற கவிதைக்கு 'ரதம்' என்று பெயர் சூட்டி, நான்காவது பத்தியையே தூக்கிவிட்டார்கள். அந்தப் பத்தியில்தான் பேசுபவருக்குக் குளிர் தட்டுகிறது, பனி இறங்குகிறது, உடுத்தியிருப்பதோ மெல்லிய துணி. சூரியனை நாங்கள் கடந்தோம் என்று சொல்லி முடித்த கையோடு, இல்லை இல்லை, அதுதான் எங்களைக் கடந்தது என்று திருத்துகிறார். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சுகமான மாலை உலா.

காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாக அதிகம் கிடைப்பது இந்தப் பழைய பதிப்புகள்தான். கவிதைக்குத் தலைப்பு இருந்து, கோடுகளே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். தாமஸ் ஜான்சனின் 1955 பதிப்போ, ஃபிராங்க்ளினின் 1998 பதிப்போ தேடிப் பிடியுங்கள். இரண்டாவதில் 1,789 கவிதைகள் இருக்கின்றன.

கோடுகளை அலங்காரம் என்று நினைத்து மொழிபெயர்ப்பில் விட்டுவிடுபவர்களும் உண்டு. அந்தப் பாம்புக் கவிதை 1866-இல் பத்திரிகையில் வந்தபோது, மூன்றாம் வரியில் யாரோ நிறுத்தற்குறியை மாற்றி வரியையே கெடுத்துவிட்டதாகக் குறைப்பட்டவர் அவர். தேவாலயப் பாமாலைகளின் 8, 6 என்ற அசைக்கணக்கில் (ஆங்கில அசை, நம் நேர் நிரை இல்லை) பல கவிதைகளை எழுதினார். அந்தச் சந்தம் தாலாட்டுப் போல இழுத்துக்கொண்டு போகும்போது குறுக்கே ஒரு கோடு விழுந்து மூச்சை நிறுத்தும், சேர வேண்டிய இயைபு பாதிதான் சேரும். கையெழுத்துப் பிரதிகளில் ஒரு சொல்லின் பக்கத்தில் சின்னச் சிலுவைக்குறி போட்டு, தாளின் அடியில் மாற்றுச் சொற்களை எழுதிவைத்து, எது வேண்டும் என்று முடிவு செய்யாமலே விட்ட இடங்களும் ஏராளம், ஆகவே 'இதுதான் பொருள்' என்று அடித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

கடைசியாக, சாவைப் பாடிய சோகக்கவி என்ற முத்திரை. தேனீ இருக்கிறது, மூளை இருக்கிறது, தன் பெயரையே ஜூன் மாதம் முழுக்கக் கத்தும் தவளையாகப் புகழைக் கிண்டலடிப்பது இருக்கிறது. சாவுக் கவிதையிலும் அந்தக் குசும்பு போகாது: படுக்கையைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ராஜா வரப்போகிறார் என்று காத்திருக்க, ஒரு ஈ வருகிறது.