கொலுப் படிக்கு ஒரு கொழுந்துக்கூடைப் பொம்மை

நவராத்திரி வருகிறதே என்று ஆவணியில் மண் பிசையாதீர்கள். இலங்கை மலையகத்தில், எங்கள் தலவாக்கலைப் பக்கம் அது மழையும் பனிமூட்டமுமான காலம். களிமண் காயவே காயாது. தை, மாசி வெயிலில் உருவங்களை முடித்துவிட்டு, ஆவணியில் வர்ணம் மட்டும் பூசுவது என் வழக்கம்.

தேயிலை மலைச் செம்மண் சரியாக ஒட்டாது, காய்ந்தால் வெடித்துவிடும். கம்பளைப் பக்கத்து வயல் களிமண் தேடுங்கள். காயவைத்து இடித்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிடுங்கள். அடியில் தங்கியதைச் சாக்கில் பரப்பினால் ரொட்டி மாவுப் பதத்துக்கு வரும். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்றுமணல் சேர்த்து, காற்று போக அடித்துப் பிசையுங்கள்.

நான் செய்வது தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண், ஒரு சாண் உயரம். சாமி பொம்மைகளைக் கடையில் வாங்கலாம். நம் அம்மாமாரை நாம்தான் செய்து படியேற்ற வேண்டும். படங்கு என்ற முரட்டுத் துணி கட்டிய இடுப்பிலிருந்து பாதம்வரை அகன்ற கூம்பாக, உள்ளே கூடாக, விரல் பருமனில் எழுப்புங்கள். கூடையைத் தனியாகச் செய்து, இரண்டும் சற்று இறுகியதும் ஒட்டுமிடத்தைக் கீறி, களிக்குழம்பு தடவி ஒட்டுங்கள். கூடை பின்னால் இழுக்கும்; அதனால் உடம்பை முன்பக்கம் கொஞ்சம் சாயவிடுங்கள். மலையில் நிற்பவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுந்தும் இடத்தில் முக்காட்டை லேசாக உள்ளே அமுக்குங்கள். அது இல்லாவிட்டால் கூடையில் பாரம் தெரியாது.

காயவைப்பதில் அவசரமே கூடாது. அடுப்பருகே வைத்தால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி விரிசல் விடும். நிழலில் வைத்து, கை, கூடை விளிம்பு போன்ற மெல்லிய இடங்களில் ஈரத்துணி சுற்றுங்கள். உடம்போடு சேர்ந்து மெதுவாகக் காயட்டும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே சுட்டால் ஆவி பொம்மையைப் பிளந்துவிடும்.

சுடும் நாளில் முதலில் மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி எரியும் தணலருகே வைத்துச் சூடேற்றுங்கள். பிறகு குழியில் விறகுக்கும் வரட்டிக்கும் நடுவே வைத்து, உமியால் மூடித் தீ வையுங்கள். தானாக ஆறியபின் எடுக்கலாம்.

வெண்கட்டித் தூளைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து இரண்டு பூச்சு. முகத்துக்கு ரோஜா நிறம் வேண்டாம். காவியில் மஞ்சளும் துளி கறுப்பும் கலந்தால் நம் நிறம் வரும். கூடைக்குள் முதலில் கரும்பச்சை, அதன்மேல் இளம்பச்சையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். கண் கடைசியில்தான்.

பண்டிகை முடிந்ததும் பொலித்தீனில் கட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டின் சுவரில் ஒட்டாமல் உயரத்தில் வையுங்கள்.