காட்டுப்பன்றி வைரஸ்கள்: மரபணு வகையைத் தப்பாகப் படிக்கும் இடங்கள்

"இரண்டு இடத்திலும் மரபணு வகை 2தான் கிடைத்தது, ஆகவே அங்கிருந்துதான் இங்கே வந்திருக்கிறது." பன்றிகளைக் கொல்லும் வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றிய பேச்சில் முதலில் கைவிட வேண்டியது இந்த முடிவைத்தான். மரபணு வகை என்பது, மரபணு ஒத்திருக்கும் வைரஸ்களுக்குத் தரப்படும் குழு எண்.

அந்த வைரஸின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் மொத்த மரபுச் செய்தி, மிகப் பெரியது, சுமார் 1,70,000 முதல் 1,90,000 டிஎன்ஏ எழுத்துகள். வகை பிரிக்க வழக்கமாகப் பார்ப்பதோ பி72 என்ற புரதத்துக்கான மரபணுவின் வால்பகுதியில் சில நூறு எழுத்துகளை மட்டும். 2007இல் ஜார்ஜியாவில் நுழைந்தது வகை 2. 2014இல் லித்துவேனியா, போலந்துக் காட்டுப்பன்றிகளிலும், 2018இல் பெல்ஜியத்திலும் சீனாவிலும், 2020இல் ஜெர்மனியிலும் அசாமிலும் கிடைத்ததும் அதே வகை 2. இதை வைத்து வழி தேடுவது, நம்பர் பிளேட்டில் 'டிஎன்' மட்டும் பார்த்துவிட்டு வண்டிக்காரரைத் தேடுவது மாதிரி. முழு மரபணுத்தொகுதியை, குறைந்தது வேறு சில மரபணுப் பகுதிகளையாவது சேர்த்துப் படிக்க வேண்டும்.

படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சீனா காட்டியது. 2021இல் அங்கே வளர்ப்புப் பன்றிகளில் வகை 1, வகை 2 இரண்டும் கலந்த வைரஸ் கிடைத்தது. அதன் பி72 துண்டு வகை 1ஐச் சேர்ந்தது. அதை மட்டும் பார்த்தவருக்குக் கலப்பே தெரிந்திருக்காது!

அடுத்தது, எல்லா வைரஸும் ஒரே வேகத்தில் மாறும் என்று நினைப்பது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஈ போன்ற ஆர்என்ஏ வைரஸ்கள் (டிஎன்ஏவுக்குப் பதில் ஆர்என்ஏவில் மரபுச் செய்தி வைத்திருப்பவை) வேகமாக மாறும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் பெரிய டிஎன்ஏ வைரஸ் மெதுவாக மாறும். சரி, டிஎன்ஏ என்றாலே மெதுவா? அதுவும் இல்லை. வெறும் சுமார் 1,770 எழுத்துகள் கொண்ட பன்றி சர்கோவைரஸ் 2 டிஎன்ஏ வைரஸ்தான், ஆனால் ஏறக்குறைய ஆர்என்ஏ வேகத்தில் மாறுகிறது.

செத்துக் கிடக்கும் பன்றியிலிருந்து மட்டும் மாதிரி எடுப்பதும் ஏமாற்றும். நோயைக் கண்டுபிடிக்க அது நல்ல வழிதான். வைரஸ்களுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்க அது போதாது, ஏனென்றால் கொல்லும் வைரஸ்தான் அதில் அதிகம் சிக்கும். லாட்வியாவில் 2017இல் கிடைத்த வீரியம் குறைந்த பன்றிக் காய்ச்சல் வைரஸ், வேட்டையில் சுடப்பட்ட காட்டுப்பன்றியிலிருந்து வந்தது.

கடைசியாக, மனிதருக்கு ஆபத்தா என்ற கேள்வி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. ஹெபடைடிஸ் ஈ விஷயம் வேறு: அதற்கென்று தனி வகை எண்கள் உண்டு, அதில் வகை 1, 2 மனிதர்களிடையே சுற்றுபவை, வகை 3, 4 பன்றியிலிருந்து மனிதருக்கும் தாவும். ஆகவே 'காட்டுப்பன்றியில் ஹெபடைடிஸ் ஈ' என்று வகை சொல்லாமல் எழுதினால் அது பாதித் தகவல்தான். ஜப்பானில் காட்டுப்பன்றி ஈரலைப் பச்சையாகச் சாப்பிட்டுக் கடுமையாக நோயுற்றவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கை 2003இலேயே வெளிவந்துவிட்டது. ஈரலை நன்றாக வேகவைத்தால் வைரஸ் செத்துவிடும்.