கப்பலில் ராத்திரிச் சாப்பாடு: எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போடும் புதுச்சேரி, கடலூர்க் குடும்பங்கள் அறையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். சாப்பாட்டு நேரக் கேள்வியை மட்டும் யோசிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

பெரிய கப்பல்கள் பலவற்றில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. ஒன்று நிலையான நேரம்: மாலை 6 மணி வாக்கில், அல்லது இரவு 8 மணிக்கு மேல், தினமும் அதே மேசை, அதே சர்வர். இன்னொன்று, விரும்பிய நேரத்தில் போவது. கேட்க இது நன்றாக இருக்கும். ஆனால் 6.30, 7 மணிக்குக் கூட்டம் மொத்தமாக வந்து சேரும். எட்டுப் பத்துப் பேராகப் போனால் பெரிய மேசை காலியாகும்வரை நிற்க வேண்டியதுதான். கப்பலின் ஆப்பில் முன்பதிவு செய்யுங்கள், அல்லது 8 மணிக்கு மேல் போங்கள். நம் வீடுகளில் அதுதானே சாப்பாட்டு நேரம்!

சைவம், ஜெயின் உணவு என்றால் நிலையான நேரமே மேல். டிக்கெட் போடும்போதே குறிப்பிடுங்கள். முதல் இரவே தலைமை சர்வரைப் பார்த்து மறுநாளுக்கு வேண்டியதைச் சொன்னால், பெரும்பாலும் பருப்பு, காய்கறி என்று தனியாகச் செய்து தருவார்கள். விரும்பிய நேரம் எடுத்தவர்கள் தினமும் அதே சர்வரின் மேசையைக் கேட்டு உட்காரலாம். இல்லாவிட்டால் 'முட்டை வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம்' என்று ஒவ்வொரு ராத்திரியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கரையில் ஊர் சுற்றிவிட்டு வர நேரமாகி 6 மணிப் பந்தியை விட்டுவிட்டால், பஃபே இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் கப்பல் ஏறிய அன்று மதியமே கேளுங்கள், அப்புறம் இடம் கிடைப்பது கஷ்டம்.